வெள்ளைச் சட்டைக்காரர்

சித்தூர்ச் சபையில் அந்தப் படத்துக்கு ‘ஏசு கடலை அதட்டின படம்’ என்று பெயர். எந்தக் காலத்துத் துரையோ விட்டுப்போன அச்சுப்படம். மலைமலையாய் அலை, சாய்ந்துபோன பாய்மரக் கப்பல்கள் இரண்டு, முன்னால் ஒரு சின்னப் படகு. அதில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார். அவர்தான் ஆண்டவர். ஆண்டவர் எதற்குப் பேண்ட் போட்டிருக்கிறார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கிருபாபாய் டீச்சரின் மகன் ஜோஷுவாவுக்குச் சரக்குக் கப்பலில், இன்ஜின் ரூமில் வேலை. ஒன்பது வருஷமாக ஞாயிறுதோறும் அந்த வெள்ளைச் சட்டைமேல் விரலை வைத்துத்தான் அவள் மகனுக்காக ஜெபிப்பாள். விரல் பட்டுப்பட்டுக் கண்ணாடியில் அந்த இடமே மங்கிப்போயிருந்தது.

படத்தை ராமபாணப் பூச்சி அரிக்கத் தொடங்கியதும், புது பிரேம் போட அவளே திருப்பதிக்கு எடுத்துப்போனாள். வங்கக் கடலில் புயல். ஜோஷுவாவிடமிருந்து நான்கு நாளாகப் போன் இல்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

பிரேம் கடை நாகபூஷணம் ஆயுசில் பெருமாள் படத்தைத் தவிர வேறு எதையும் அதிகம் தொட்டவன் இல்லை. பழைய பிரேமைப் பிரித்தான். இத்தனை காலம் மரம் மறைத்திருந்த அடிவிளிம்பில் ஒரு வரி இங்கிலீஷ்.

“இன்னா எழுதிக்கீது டீச்சரம்மா?”

கிருபாபாய் இரண்டு தடவை படித்தாள். “கள்ளச் சாராயம் கடத்தறவங்க, புயல்ல சுங்கக் கப்பல்கிட்ட மாட்டிக்கினு சரணடையறாங்க.”

“அப்போ இந்த வெள்ளைச் சட்டை?”

“அவன்தான் தலைவன்.”

நாகபூஷணம் மரியாதைக்குத் தலையைக் குனிந்து, பழைய ஆணிகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

ஒன்பது வருஷமாக அவள் போட்ட மனுவெல்லாம் எந்த ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்ததோ! போனை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

“எழுத்து தெரியற மாதிரி போடட்டுமா, மூடிடட்டுமா?”

“மூடிடுப்பா. ஒம்போது வருசமா இந்த ஆளும் முழுவல, என் புள்ளயும் முழுவல. இப்ப போய் ஆளை மாத்த முடியாது.”

வேலை முடிந்ததும், எந்தப் படத்துக்கும் பொட்டு வைக்கிற வழக்கப்படி, நாகபூஷணம் குங்குமக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்தான். பாதியில் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டான்.

“மன்னிச்சுக்கோம்மா. உங்க சாமிக்கு இது ஆவாது.”

கிருபாபாய் தெருவை எட்டிப் பார்த்தாள். சபை ஆட்கள் யாரும் இல்லை. போனை இன்னொரு தடவை பார்த்தாள்.

“பின்னாடி வையிப்பா” என்றாள். “கொஞ்சம் பெரிசாவே வையி.”