ஜன்னல் எந்தப் பக்கம்?

எங்களில் ஒருவர் படுத்துவிட்டால் எல்லோரும் போவோம். மாமன், மச்சான், பேச்சுவார்த்தை நின்றுபோன சித்தப்பன் உட்பட எல்லோரும். நோயாளியைத் தனியே விடுவது, ஊர் ஜிப்சிகள் என்று சொல்கிற ரோமாக்களான எங்களுக்குப் பெரிய பாவம். இதை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற காவலாளியிடம் சொல்லிப் பாருங்கள். அவன் கண்ணுக்கு நாங்கள் கும்பல். திருட வந்த கும்பல்.

என் தம்பி க்ரூயாவின் பெண்டாட்டி மண்ட்ராவுக்கு அந்தக் குளிர்காலத்தில் மூச்சு முட்டியது. கால் இரண்டும் வீங்கிப்போயின. ஆம்புலன்ஸ் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தார்ச்சாலை முடிகிற இடத்திலேயே நின்றுகொண்டது. எங்கள் குடியிருப்புச் சேற்றில் இறங்க மாட்டார்களாம்! க்ரூயா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நாங்கள் அத்தனை பேரும் பின்னாலேயே நகரத்துக்கு நடந்தோம். காவலாளி எங்களைப் பார்த்ததும் கேட்டை இழுத்துச் சாத்தினான்.

அன்று சாயங்காலமே மண்ட்ரா ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

"ஏண்டி, உனக்குப் பைத்தியமா?" என்று கத்தினேன்.

"அங்க ஒரு மூஞ்சிகூட நம்ம மூஞ்சி இல்ல அண்ணி. செத்தாலும் உங்க நடுவுலயே சாகறேன்."

வசந்தம் வருவதற்குள் இன்னும் மோசமாகிவிட்டது. உட்கார்ந்தபடிதான் தூங்கினாள். மறுபடியும் கொண்டுபோனோம். டாக்டர் ஓனா என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். எங்களிடம் முகம் பார்த்துப் பேசுகிற ஒரே டாக்டர் அவர்தான்.

"இதயத்துல வால்வு கெட்டிருக்கும்மா. வியாழக்கிழமை தலைநகரத்துக்கு அனுப்பறோம், ஆபரேஷன் பண்ணா பொழைச்சுக்குவா. அதுவரைக்கும் படுக்கைய விட்டு இறங்கவே கூடாது. போன தடவை மாதிரி எழுந்து நடந்தா, அவ்வளவுதான்."

"கூட ஒருத்தர் இருக்கலாமா டாக்டர்?"

"ஒருத்தருக்கும் அனுமதி இல்ல. என் கையில இல்லம்மா அது."

நான் மண்ட்ராவிடம் போய், அவள் கட்டிலை ஒட்டியிருந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே சாலை, சாலைக்கு அப்பால் அறுவடை முடிந்த பீட்ரூட் வயல். சட்டென்று யோசனை வந்தது.

"இங்க பாருடி. அந்த வயல்ல அடுப்பு மூட்டி உட்காரப்போறோம். நீ வியாழக்கிழமை வண்டி ஏறுற வரைக்கும் ஒருத்தரும் நகர மாட்டோம். தலைய நிமிர்த்தினா நாங்க தெரிவோம். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியம். உன் புருஷன் மூஞ்சிய மட்டும் ரொம்ப நேரம் பாக்காத, இன்னொரு வால்வும் கெட்டுப்போகும்."

சிரித்துவிட்டாள். தன் தலைத்துணியை அவிழ்த்தாள். சிவப்பில் மஞ்சள் பூப்போட்டது. கல்யாணமானதிலிருந்து அதை அவள் தலையிலிருந்து எடுத்து நான் பார்த்ததில்லை. "தினம் காலைல இத ஜன்னல் கைப்பிடில கட்டுறேன் அண்ணி. கட்டியிருந்தா நல்லாருக்கேன்னு வச்சுக்கோங்க" என்றாள்.

அப்படியே செய்தோம். வயலில் அடுப்பு, அடுப்பில் சோளக்களி, சுற்றிலும் நாங்கள். காலையில் இரண்டாவது மாடியில் சிவப்புத் துணி தெரிந்ததும் கூச்சல் போடுவோம். க்ரூயா களிச்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுவான், மடையன். மேலே அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு சிரிப்பாள். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்வானேன், ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

புதன்கிழமை காலை ஜன்னலில் துணி இல்லை.

கொஞ்சம் பொறுத்தோம். இல்லை. "அக்கா, துணியக் காணோமே!" என்றான் க்ரூயா. குரலே மாறிப்போயிருந்தது. அடுத்த நொடி எல்லோரும் சாலையைக் கடந்து கேட்டுக்கு ஓடினோம். பெண்கள் அப்போதே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு காவலாளியிடம் கெஞ்சினேன். "சார், மண்ட்ரான்னு ஒரு பொண்ணு, ரெண்டாவது மாடி. இருக்காளா இல்லையா, அது மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார். உள்ள விட வேணாம்."

"போ போ, கத்தாத. எனக்கு வேற வேலை இருக்கு."

"ஒரே ஒரு வார்த்தை சார்!"

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுச் சொல்ல அவனுக்கு மனசில்லை. போலீஸைக் கூப்பிட மட்டும் மனசிருந்தது. இரண்டு வண்டிகள் வந்தன. தடியை ஓங்கிக்கொண்டே எங்களைக் கடைத்தெரு வரைக்கும் விரட்டினார்கள். வயலில் எங்கள் அடுப்பை உதைத்து அணைத்தார்கள். க்ரூயாவின் களிச்சட்டி சாலையில் உருண்டது.

உள்ளே நடந்ததைப் பிறகு ஒரு நர்ஸ் அழுதுகொண்டே சொன்னாள். முந்தைய நாள் சாயங்காலம் மண்ட்ராவை அவள்தான் பின்பக்க அறைக்கு மாற்றினாளாம். "முன்னாடி சத்தமும் புகையுமா இருந்துச்சு. பாவம், வியாழக்கிழமைக்கு முன்னாடி நல்லா தூங்கட்டுமேன்னு நெனச்சேன்" என்றாள். நல்ல மனசோடுதான் செய்திருக்கிறாள். அவளைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

மண்ட்ரா காலையில் அந்தப் பின்பக்க ஜன்னலின் கைப்பிடியில் துணியைக் கட்டியிருக்கிறாள். வெளியே கரிக்கொட்டகையும் குப்பைத் தொட்டிகளும்தான். அப்படியும் ஜன்னலை விட்டு நகரவில்லையாம். பக்கத்துக் கட்டில்காரியிடம் கேட்டிருக்கிறாள். "எங்க ஆளுங்க எங்க? பாத்தீங்களா?" அவள் காதில் விழுந்ததைச் சொன்னாள். "போலீஸ் வந்து தொரத்திட்டாங்களாம். எல்லாரும் போயிட்டாங்க."

பின்வாசலில் காவலாளி கிடையாது. மண்ட்ரா இறங்கி, ஆற்றோரப் பாதையில் எங்களைத் தேடி வீட்டுப் பக்கம் நடந்திருக்கிறாள்.

பொழுது சாய்கையில் க்ரூயா கடைத்தெருவிலிருந்து அதே பாதையில் திரும்பி வந்தான். பாலத்தடியில் அவளைக் கண்டான். ஆஸ்பத்திரிச் செருப்பு ஒன்று காலில், ஒன்று சேற்றில். அங்கிருந்து எங்கள் வீட்டுக் கூரைகள் தெரியும். அவன் அவளைத் தூக்கிக்கொண்டு குடியிருப்புக்குள் வந்தான். "அக்கா, ஒடம்பு இன்னும் சூடா இருக்கு, டாக்டர கூப்பிடு, கூப்பிடு" என்றான். சூடெல்லாம் இல்லை. அவன் கைச்சூடுதான் அது.

அடக்கத்துக்கு எல்லோரும் வந்தோம். கல்லறைத் தோட்டத்தில் யாரும் கேட்டைச் சாத்தவில்லை.

செத்தவர்களின் துணியை எரித்துவிடுவது எங்கள் வழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து தலைத்துணியை ஒரு பையில் போட்டுத் தந்தார்கள். க்ரூயா அதை எடுத்துக்கொண்டு அந்தப் பீட்ரூட் வயலுக்குப் போனான். அணைந்து கிடந்த எங்கள் அடுப்பை மறுபடி மூட்டி அதில் போட்டான். எல்லாம் எரிந்து முடியும் வரைக்கும் இரண்டாவது மாடியைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் அவன் சட்டையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

அதற்குப் பிறகு டாக்டர் ஓனாதான் சண்டை போட்டு எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தார். எங்கள் ஆட்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் நிற்கிற வேலை. கழுத்தில் அட்டை தொங்குகிறது. அதே காவலாளி "வாங்கம்மா" என்கிறான். நான் பாட்டுக்கு உள்ளே நடக்கிறேன். ஆம்புலன்ஸ் இப்போது சேற்றில் இறங்குகிறது. இறங்காவிட்டால் நான் டிரைவரை இறக்குவேன். கட்டிலருகே எங்களில் ஒருவர் உட்காரவும் விடுகிறார்கள். இரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தி வாங்கியது அது.

எங்கள் பெண் யாரையாவது படுக்கவைத்தால் நர்ஸுகள் காய்ச்சலையும் ரத்த அழுத்தத்தையும் எனக்குச் சொல்ல வருகிறார்கள். நான் கையைக் காட்டி நிறுத்துகிறேன்.

"அதெல்லாம் அப்புறம். ஜன்னல் எந்தப் பக்கம்?"

புதிதாக வந்த நர்ஸுகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பதில் வரும் வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.