சமத்துப் பாப்பா

"அம்மா, பாப்பா ஏன் க்ரை பண்ணவே மாட்டேங்கறா?"

நான்கு வயதுக் கயல் இப்படிக் கேட்டபோது அவள் தங்கை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மாளவிகா சிரித்தாள்.

"உன்னை மாதிரி இல்லடி. இவ சமத்து."

அமெரிக்காவின் பிளானோ நகரில் அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். பூண்டுக் குழம்பு கொண்டுவந்த பக்கத்து வீட்டு வசந்தாமணி ஆன்ட்டி, "தூங்கற புள்ளைய எழுப்பாதே கண்ணு" என்று சொல்லி, கண் படாமல் இருக்கக் கன்னத்தில் மை வைத்துவிட்டுப் போனார்.

கயல் மட்டும் தொட்டிலை விட்டு நகரவில்லை. "ஷி இஸ் நாட் ஈவன் லுக்கிங் அட் மீ!"

மாளவிகா குழந்தையைத் தூக்கினாள். உதடு காய்ந்து கிடந்தது. காலையில் மாற்றிய டயப்பர் இன்னும் நனையவில்லை. ஆன்ட்டியிடம் கயலை விட்டுவிட்டு, கணவன் கவின் "முருகா, முருகா" என்று வேண்டிக்கொண்டே மருத்துவமனைக்குக் கார் ஓட்டினான்.

பால் போதாமல் குழந்தையின் உடம்பில் நீர் வற்றிவிட்டது. ரத்தத்தில் சோடியம் அளவுக்கு மீறி ஏறியிருந்தது. சமத்து என்று எல்லோரும் கொண்டாடியது, அழக்கூடத் தெம்பில்லாத சோர்வு.

"சோடியத்தைச் சீக்கிரமா இறக்குங்க, ப்ளீஸ்" என்று மாளவிகா அழுதாள்.

நர்ஸ் மேர்சி யாழ்ப்பாணத்துக்காரி. "கெதியா இறக்கக்கூடாது பிள்ளை. சட்டெண்டு குறைஞ்சா மூளை வீங்கிப்போடும், வலிப்பும் வரும். மெல்ல மெல்லத்தான் குறைக்கோணும். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பாப்பம்."

நரம்பில் திரவம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. குழந்தை விழுங்கத் தொடங்கியதும் மேர்சி சின்னப் புட்டியில் பால் கொண்டுவந்தாள்.

"பால் வங்கியில இருந்து வந்தது. உங்களுக்குச் சுரக்கும் வரைக்கும் இது."

"யாரோட பால், அக்கா?"

"அது எங்களுக்கும் தெரியாது. ஆரோ ஒரு தாய்."

இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் குழந்தை வீறிட்டு அழுதாள். கவின் கைகூப்பி நின்றான். வீடியோ காலில் கயல் காதைப் பொத்திக்கொண்டாள். "டூ லவுட்!"

"அழட்டும்டி, நல்லா அழட்டும்" என்றாள் மாளவிகா.

பிறகு அவளுக்கும் பால் பெருகியது. மகள் குடித்து மிஞ்சியதைப் பைகளில் உறையவைத்துச் சேர்த்தாள். பால் வங்கி கேட்ட பரிசோதனைகளையும் முடித்தாள். கவின் ஆபீசிலும் கயல் டேகேரிலும் இருந்த ஒரு மதியம், குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஐஸ் பெட்டியோடு பால் சேகரிக்கும் மையத்துக்குப் போனாள். அந்தச் சின்ன அறையில் யாரும் இல்லை. பைகளை ஃப்ரீசரில் அடுக்கினாள்.

'முருகா, இதைக் குடிக்கிற பிள்ளையும் நல்லா சத்தமா அழணும்.'

கதவை மூடிவிட்டு, தூங்கும் மகளை எழுப்பிப் பால் கொடுக்க உட்கார்ந்தாள்.