எட்டுன்னா எட்டுதான்

1

கோபத்தில் எழுதுகிறேன். இந்தக் கதை ஒரே ஓர் எழுத்திலிருந்து பிறந்தது. தோட்டாவின் பெயருக்குப் பின்னால் வரும் 'எஸ்'. ஜன்னல் சரியாக மூடாததால் தாள்கள் பறக்கின்றன. மேலே ஓர் இரும்புத் துண்டை வைத்திருக்கிறேன். அது என்னவென்று பிறகு சொல்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'ஐஃபெல் மலைக்காட்டில் நவம்பர் மூடுபனி மெல்ல...' அடித்துவிட்டேன். தங்கையின் கண் போகப்போகிறது, எனக்கு மூடுபனி ஒரு கேடு.

2

தங்கை பெயர் வால்புர்கா. இந்த வசந்தத்தில் வேட்டை உரிமத் தேர்வில் தேறினாள். அவள் புருஷன் ருப்ரெக்ட், செத்துப்போன தன் அப்பாவின் பழைய மவுசர் துப்பாக்கியைப் பரிசாகக் கொடுத்தான். தோட்டாக்களையும் வீட்டிலேயே தன் கையால் நிரப்பிக் கொடுக்கிறான்.

(ருப்ரெக்டைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டுச் சமைப்பவன். கெட்டவனாக இருந்து தொலைத்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.)

அந்தக் காலத்துக் குழல் ஒடுக்கம். பின்னால் வந்தவை அகலம். இரண்டு தோட்டாவுக்கும் பெயர் எட்டு-ஐம்பத்தேழு. அகலமானதற்கு மட்டும் வாலாக ஓர் எஸ். நான் மென் ஈயக்கட்டியைக் குழலுக்குள் தட்டி இறக்கி அளந்து பார்த்தேன். ஒடுக்கமேதான். வித்தியாசம் இந்தத் தாளின் கனம்தான் இருக்கும். ஆனால் அகலக் குண்டு அந்த ஒடுக்கத்தில் நெருக்கிக்கொண்டு போனால் அழுத்தம் பின்பக்கம் ஏறும். பின்பக்கம் இருப்பது அவள் முகம்.

3

அவன் நிரப்புவது எஸ் குண்டு, இந்தக் குழலுக்கு ஆகாது என்று அவன் தோட்டா நிரப்பும் மேசையருகே நின்று சொன்னேன். ருப்ரெக்ட் கேட்டான்:

"மச்சான், எஸ்ஸுன்னா என்ன? ஷ்பிட்ஸ், அதாவது கூர்மூக்கு. நான் வச்சிருக்கறது மொட்டை மூக்கு. அப்புறம் எஸ் எங்கேருந்து வந்துச்சு?"

"எழுத்து மூக்குக்கு வெச்சதுதான் மாப்ள. ஆனா மூக்கு கூரானப்பவே இடுப்பும் பெருத்துப்போச்சு. அளந்து பாருங்க."

"எட்டுன்னா எட்டுதான். எங்கப்பா காலம் பூரா இதுலதான் சுட்டாரு. நான் மருந்தக்கூட குறைச்சுத்தான் போட்டிருக்கேன்."

"அவரு சுட்டது பழைய குண்டு. அதுதான் தீர்ந்துபோச்சே."

"நீங்க கதை எழுதறவரு. உங்களுக்கு எதுலயும் ஒரு சாவு வேணும்."

வால்புர்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஏதோ... வேண்டாம். சிரித்தாள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

4

முடிவு அ: குழல் வெடிக்கிறது. எழுதினேன், கிழித்தேன். அவன் சொன்னது போலவே ஆகிவிடுமே.

முடிவு ஆ: ருப்ரெக்ட் அளந்து பார்த்துத் திருந்துகிறான். இதை நம்ப நீங்கள் என்ன பச்சைக்குழந்தையா?

நடந்தது வேறு: ஒன்றுமே ஆகவில்லை. நானும் உடன் போயிருந்த போன வேட்டையில் ஒரே சூட்டில் காட்டுப்பன்றி விழுந்தது. வேட்டை வழக்கப்படி ருப்ரெக்ட் ஃபிர் மரக் கொப்பை ஒடித்து அவள் தொப்பியில் செருகினான். பட்டாணிச் சூப் குடிக்கும்போது, "மச்சான், அவ கண்ணு ரெண்டும் இருக்கான்னு எண்ணிக்குங்க" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

சுட்ட பிறகு, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைத் திறக்க அவள் உள்ளங்கையால் ஓங்கித் தட்டியதை ஒருவரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்; அழுத்தம் மிஞ்சினால்தான் போல்ட் அப்படி இறுகும். கேட்டேன்.

"குளிருண்ணே, கை மரத்துப்போச்சு," என்றாள்.

கை மரத்துப்போயிற்றாம். இப்படி எத்தனை முறை ஒன்றும் ஆகாமல் இருக்கும்? ஒவ்வொரு முறையும் அவனல்லவா ஜெயிக்கிறான்!

5

இன்று மறுபடி வேட்டை. காலையில் அவர்கள் வீட்டுக்குக் காப்பிக்குப் போனேன். துடைத்த துப்பாக்கி சமையலறை மேசையில் கிடந்தது. அவன் காப்பி ஊற்றத் திரும்பினான்.

என் தாள்கள் மேலிருக்கும் இரும்பு, அதன் போல்ட். இது இல்லாவிட்டால் அந்தத் துப்பாக்கி வெறும் குழாய்.

வெளியே கார் நிற்கிறது. வால்புர்கா என் கதவைத் தட்டுகிறாள்.

"அண்ணே, எடுத்தது நீதானே? எல்லாரும் காட்டுல காத்துக்கிட்டிருக்காங்க. இவர் அப்பா துப்பாக்கிண்ணே அது. எங்களை இப்படி அசிங்கப்படுத்தாத."

பதில் எழுதிப் பார்க்கிறேன். 'வால்புர்கா, நான் உன்...' வரவில்லை.

"குடுத்துடு. இல்லேன்னா இந்த வாசல்ல இனிமே கால் வைக்கமாட்டேன்."

சொன்னால் செய்பவள். கதவைத் திறக்கத்தான் போகிறேன், அவள் என் தங்கை. போல்ட்டை நான் தொடமாட்டேன். அது நீங்கள் படிக்கும் இந்தப் பக்கத்தின் மேல்தான் இருக்கிறது. கொடுப்பதானால் நீங்களே எடுத்து அவள் கையில் கொடுங்கள்.