வலை விழும் வரைக்கும்

சார்மெயின் மடிக்கணினியைத் தயங்கித் தயங்கித் திறந்தாள். இருபது வருஷத்தில் பதினொரு ஆவணப்படம், மூன்று நாடுகளில் விருது. ஆனால் படத்தில் இருப்பவர்களுக்குக் காட்டாமல் ஒரு படத்தையும் வெளியே விட்டதில்லை என்பதுதான் அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த பெருமை. இந்த முறை விழாவுக்குத் திகதி நெருங்க, அவசரத்தில் அனுப்பிவிட்டாள். விருதும் வந்துவிட்டது. இப்போது பெரியகல்லாற்றில், கண்ணகையின் விறாந்தையில், பிளாஸ்டிக் கதிரையில் களவெடுத்துப் பிடிபட்டவள் போல் உட்கார்ந்திருந்தாள். கண்ணகையக்கா வேண்டாம் என்றால் படத்தை எங்கும் காட்டுவதில்லை என்று டவுனிலிருந்து வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சத்தியம் செய்திருந்தாள்.

வாவிக்குள் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் கண்ணகையைப் பற்றிய படம் அது. கண்ணகை திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தாள். தன் முகம் திரை நிறைய வந்தபோதும் அசையவில்லை. பாதிப் படம் தாண்டியதும் சட்டென்று கையை நீட்டினாள்.

“நிப்பாட்டுங்க மிஸ். இஞ்ச இவர் நிக்காரு.”

சார்மெயின் குனிந்து பார்த்தாள். படத்துக் கண்ணகையின் தோளுக்குப் பின்னால், வெகு தூரத்தில், புளியங்கொட்டையளவில் ஒரு தோணி. அதில் ஒருவர் வலை வீசிக்கொண்டிருந்தார். இந்தக் காட்சியை அவள் நூறு தடவையாவது பார்த்திருப்பாள். அந்த ஆளைக் கண்டதேயில்லை.

“ஆரக்கா அது?”

“எங்கட அவர்தான். இடக்கையால வீசுறவர் இந்தக் கரையில வேற ஆரு?”

கண்ணகையின் கணவர் கந்தப்போடி போன மார்கழியில் காய்ச்சலில் போய்ச்சேர்ந்திருந்தார். சார்மெயின் அந்தத் தோணியையே மறுபடி பார்த்தாள். கூர்மையான கண் என்று அவளுக்குத்தான் விருதுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இப்படியொரு பார்வை தனக்கு இந்தப் பிறவியில் வராது என்று நினைத்தாள். அதில் வெட்கத்தைவிட வியப்புத்தான் கூடுதலாக இருந்தது.

மறுபடி ஓடவிட்டாள். வலை விரிந்து ஆகாயத்தில் நிற்கையிலேயே காட்சி முடிந்தது.

“வலை தண்ணில விழல்லியே. மிச்சம் எங்க?”

வெட்டியவளே சார்மெயின்தான். பையைக் கிளறி ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, பதற்றத்தில் இரண்டு தரம் பிழையானதைத் திறந்து, ஒருவழியாக அன்று காலை எடுத்த முழுப் பதிவைக் கண்டுபிடித்தாள்.

“அண்டைக்கு ஒண்டும் படல்ல எண்டு வெறுங்கையோட வந்தவரு,” என்றாள் கண்ணகை. “உங்கட கமெராவுக்குப் பயந்து மீனெல்லாம் ஓடிற்றாம். நான் உங்களத்தான் மூணு நாளா ஏசினன்.”

வலை விழுந்தது. சார்மெயின் அந்த மூலையைப் பெரிதாக்கினாள். கந்தப்போடி ஆறுதலாக, மெல்லமெல்லக் கயிற்றை இழுத்தார். தோணி ஒருபக்கம் சரிந்தது. மேலே வந்த வலை முழுக்க மணலை மீன், வெயிலில் துள்ளிக்கொண்டிருந்தது.

கண்ணகை வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து சார்மெயின் எழுந்தாள்.

“கள்ளன்,” என்று கண்ணகை கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். “நேர தவறணைக்கிக் கொண்டு குடுத்துக் கள்ளுக் குடிச்சிரிக்காரு. இன்னொருக்காப் போடுங்க புள்ள.”

திரையில் கந்தப்போடி வலையை இடக்கைக்கு மாற்றி, காலை அகட்டி நின்றார்.