ழகரம் போடாத வழி

பஸ் டிக்கெட் தளத்தை யாராவது திறந்தால் எனக்கு இடது முழங்கால் வலிக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு குத்து. அடுத்த பக்கத்துக்குப் போனால் இன்னொன்று.

காரணம் நான்தான். இணையதளம் கட்டுகிறவர்களுக்காக 'பந்தக்கால்' என்றொரு மென்பொருள் சட்டகத்தை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்தவன். எந்தப் பக்கத்துக்கு எப்படிப் போவது என்று சொல்லும் கட்டளைக்கு 'வழி' என்று பெயர் வைத்தேன். ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது, மதுரைக்காரன் புத்தி, ழகரத்துக்கு உரிய இரண்டெழுத்தைப் போடாமல் ஒற்றை 'எல்' போட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் அதை 'வலி' என்று படித்துக்கொண்டது. அதன்மேல் தப்பில்லை.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எழுத்துப்பிழை என்றார். மாத்திரை கிடையாது, திருத்தத்தான் வேண்டுமாம்.

என் மகள் யாழினிக்கு ஏழு வயது. பின்னாலேயே பிடித்துக்கொண்டு ஓடி சைக்கிள் பழக்கிவிடுகிறேன் என்று சொல்லி இரண்டு வருடமாகிறது. அவள் பெயரில் மட்டும் ழகரம் சரியாக இருக்கிறது. பிறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கும்போது என் மனைவி மேகலா பக்கத்தில் நின்றாள்.

அடுத்த பதிப்பில் ஒரே ஒரு எழுத்தைத் திருத்தப்போகிறேன் என்று அறிவித்தேன். அவ்வளவுதான், முந்நூறு புகார் வந்து விழுந்தது. டிக்கெட் தளம் நடத்தும் எட்வின் நேரிலேயே வந்துவிட்டார்.

"அண்ணே, பேரை மாத்தினா எங்க தளம் படுத்துரும். தீபாவளி வேற வருது."

"எனக்கு வலிக்குது தம்பி."

"இத்தனை வருஷம் தாங்கிட்டீங்கல்ல? மாறாதுன்னு நம்பித்தானே எடுத்தோம்."

ஒன்பது வருடத்தில் ஒரு கமாகூடத் திருத்தித் தராத மனுஷன், என் முழங்காலைத் தன் வீட்டுச் சொத்துபோலப் பேசுகிறார்! மேகலா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே, எவ்வளவு வேகம் பாருங்க என்று போனில் தளத்தை வேறு திறந்து காட்டினார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"போங்கய்யா, நீங்களும் உங்க பஸ்ஸும்!" என்று கத்திவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே திருத்தி வெளியிட்டேன்.

"அப்ப பழசை நானே தனியா எடுத்துப் பராமரிச்சுக்கிறேன்."

"தாராளமா. பொதுச்சொத்துதான்."

மறுநாள் காலை வலி இல்லை. வழி வந்திருந்தது. வாசலில் தொடங்கிய ஹால், கொல்லைக் கதவு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நீண்டு கிடந்தது. பந்தக்காலில் கட்டிய தளங்களுக்குப் போகிறவர்கள் அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மேகலா சோபாவை ஓரமாகத் தள்ளிப்போட்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொன்னாள்.

யாழினியை சைக்கிளில் ஏற்றி, சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். டிவியைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். எதிரே எட்வின் இடது காலை நொண்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, அந்த ஒரு எழுத்து..." என்று நடு ஹாலில் நின்றார்.

"வழியில நிக்காதீங்கய்யா!" என்றேன்.

யாழினி மணி அடித்தாள். அவர் சுவரோரம் ஒதுங்கினார். அடுப்படியில் இடது பக்கம் திரும்பினோம். திண்டுக்கல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் கையை விட்டேன்.