அண்ணாச்சி குறைந்த விதம்

செல்லக்கனிக்கு முதல் பாடம் புரிந்த அன்று தர்மக்கண் அண்ணாச்சியின் இடது காது போயிற்று.

யாரும் பதறவில்லை. ரத்தம் கித்தம் எதுவும் இல்லை. காது இருந்த இடம் முட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருந்தது. அண்ணாச்சி அதை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் நிக்காது. மத்தபடி ஒண்ணுமில்ல" என்றார்.

அது சிறுவர் சாகசப் பிரிவுக்குச் சொந்தமான விண்கலம். பிரிவின் விதிகள் எளிமையானவை. ஓர் ஆசானுக்கு ஒரு மாணவர். மாணவருக்குப் பன்னிரண்டு பாடம். ஒவ்வொரு பாடம் புரியும்போதும் ஆசானில் ஒரு பகுதி குறையும். புரிந்தவர் நடைவழியில் வந்து நின்று "புரிஞ்சுது" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்தாலும் குறையும். சொல்வது மரியாதைக்காக.

பன்னிரண்டாவது பாடத்தோடு ஆசான் தீர்ந்துவிடுவார். மாணவர் தனியாக ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாகசம் செய்வார். ஆசான் கடைசிவரை இருந்தால் இளைய தலைமுறைக்குச் சாகசத்தில் சுவை தட்டாது என்று பிரிவு கண்டறிந்திருந்தது. அதற்காகக் கருத்துக்கணிப்பெல்லாம் நடத்தியிருந்தார்கள். ஆசான்களிடம் கேட்கவில்லை. அவர்கள் குறைவாக இருந்தார்கள்.

செல்லக்கனிக்கு வயது பத்தொன்பது. தூத்துக்குடிக்காரி. எந்தப் பரீட்சையிலும் ஒரு கேள்வியைக்கூட விட்டுவிட்டு வந்தவள் இல்லை. அண்ணாச்சிக்கு முப்பத்தாறு. அதே ஊர், இரண்டு தெரு தள்ளி. நூற்று நாற்பது பேர் இருந்த அந்தக் கலத்தில் அவளைப் பார்த்து "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்கிற ஒரே வாய் அவருடையது. அந்த மனிதரைப் பாடம் பாடமாகக் கரைத்துக் குடிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த அறைச் சாம்சனுக்குப் பன்னிரண்டும் முடிந்திருந்தது. அவன் தன் ஆசானின் கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றான். நின்று மூன்று நாள் ஆகியிருந்தது.

"எப்படி இருக்கு சாம்சன்?"

"வீரமா இருக்கு."

"சாப்பிட்டியா?"

"வீரமா இருக்கு."

கோட்டுப் பையிலிருந்து ஒரு மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. சாம்சன் அதைக் கவனிக்கவில்லை.

செல்லக்கனி அறைக்குத் திரும்பி, "அண்ணாச்சி, இனிமே எனக்கு ஒண்ணும் புரியாது" என்று அறிவித்தாள்.

"அது ஒன்னால முடியாதுட்டி. நீ ரேஷன் கார்டு பின்பக்கத்தைக்கூட மனப்பாடம் பண்ணுத ஆளு."

"முயற்சி பண்ணுதேன்."

அன்றைய பாடம் சுற்றுப்பாதை. அவர் சொல்லி முடித்ததும் அவள் நடைவழியில் வந்து நின்று "புரியல" என்று உரக்கச் சொன்னாள். அந்தக் கலத்தில் அந்தச் சொல் அதற்கு முன் ஒலித்ததில்லை. எங்கோ ஒரு கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

நடைவழியின் கோடியிலிருந்து பயிற்சிக் கண்காணிப்பாளர் சொர்ணம் மேடம் வந்தார். பருத்த பெண்மணி. கையில் எப்போதும் பதிவேடு, பதிவேட்டுக்குள் எப்போதும் ஒரு பிஸ்கட்.

"புரியலைன்னு சொன்னது யாரும்மா?"

"நான்தான் மேடம்."

"தப்பில்ல. எத்தனையோ பேருக்குப் புரியாது. ஒன்பதாம் படிவம் எழுதிக் குடுத்துரு."

ஒன்பதாம் படிவம் என்பது புரியாமைச் சான்று. அதில் ஒரே ஒரு கேள்வி. 'எது புரியவில்லை? துல்லியமாக விளக்குக. படம் வரைந்து பாகங்களைக் குறிக்கவும்.'

பரீட்சைத் தாளைக் கண்டால் செல்லக்கனியின் கை சும்மா இருக்காது. பென்சிலைக் கூராகச் சீவி உட்கார்ந்தாள். தனக்கு எது புரியவில்லை என்பதை முதல் பக்கத்தில் எழுதினாள். இரண்டாம் பக்கத்தில் சுற்றுப்பாதையை வரைந்தாள். மூன்றாம் பக்கத்தில் பாகங்களைக் குறித்தபோது, எது புரியவில்லை என்பது இம்மி பிசகாமல் விளங்கிவிட்டது. அது அத்தனை விளங்கியபின் புரியாமல் இருக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

உள்ளறையில் டம்ளர் விழுகிற சத்தம் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தாள். தரையெல்லாம் தேநீர். அண்ணாச்சி தம் வலது சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது காலியாகத் தொங்கியது.

"படம் வரைஞ்சியா?" என்று கேட்டார்.

அவள் அழுதாள்.

"பாகம் குறிச்சியா?"

அதற்கும் அழுதாள்.

"அழாத புள்ள. நீ நல்லா படிக்கவ. அதுக்கு என்ன செய்ய?"

மறுநாள் அண்ணாச்சிக்கு ஒரு யோசனை தோன்றியது. தாம் கல்லூரியில் படித்தபோது எப்படிப் பாடம் நடந்ததோ அப்படியே நடத்துவது. மஞ்சளாகிப்போன நோட்ஸ் ஒன்றைப் பெட்டியடியிலிருந்து எடுத்தார். தலை நிமிராமல் வாசித்தார். காற்புள்ளி, அரைப்புள்ளியையும் சேர்த்து வாசித்தார். நடுவில் ஒரு பக்கம் இல்லை. இல்லாத பக்கத்தையும் அதே வேகத்தில் வாசித்தார்.

ஐந்து நாள் வாசித்தார். செல்லக்கனிக்கு ஓர் எழுத்தும் ஏறவில்லை. அண்ணாச்சியில் ஒரு முடியும் குறையவில்லை. ஒன்பதாம் படிவம் வந்தபோதும் "எது புரியலைன்னே தெரியல" என்று எழுதிக் கொடுத்தாள். அதற்குப் படம் தேவைப்படவில்லை. இப்படியொரு பாதுகாப்பான கல்விமுறையைக் கீழே பூமியில் எல்லா ஊரிலும் ஏன் வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போது கிட்டத்தட்டப் புரிந்தது. சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

ஆறாம் நாள் காலை ஜன்னலில் அது தெரிந்தது.

கறுப்பாக இருந்தது. விண்வெளியும் கறுப்புதான். இது அதன்மேல் கறுப்பாக இருந்தது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அது வரவர நடைவழி நீண்டது. முன்பெல்லாம் உணவறைக்கு நாற்பது எட்டு வைத்தால் போதும். இப்போது நானூறு. இட்லி வாங்கப் போனவர்கள் மத்தியானம்தான் திரும்பினார்கள். சிலர் திரும்பவில்லை. அவர்களுடைய இட்லி மட்டும் வந்தது.

சொர்ணம் மேடம் வந்து சேர அரை நாள் ஆயிற்று. மூச்சு வாங்கினார்.

"வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குக் கலம் அதுக்குள்ள போகும். யாராவது திருப்பினா போகாது."

"சாம்சன் திருப்பட்டும்" என்றாள் செல்லக்கனி.

"கூப்பிட்டுப் பாத்தாச்சு. வீரமா இருக்குங்கறான்."

"அப்ப அண்ணாச்சியே திருப்பட்டுமே. பத்து வருசமா ஓட்டுதாவ."

"பன்னிரண்டு பாடம் பதிவாகணும். அதோட இருக்கையும் ஆளை எண்ணிப் பாக்கும். ரெண்டு கண்ணு, ரெண்டு காது, ரெண்டு கை, ரெண்டு காலு, ஒரு வாய். குறைஞ்சாலும் நகராது, கூடினாலும் நகராது." பிஸ்கட்டை ஒரு கடி கடித்தார். "நீ சீக்கிரம் புரிஞ்சுக்கோம்மா. நூத்தி நாப்பது பேரு இருக்கோம்."

அவர் திரும்பி நடந்தார். வெகுநேரம் நடந்துகொண்டே இருந்தார்.

செல்லக்கனி சுவரோரமாகச் சாய்ந்தாள். அங்கே தபால்காரரின் சைக்கிள் நின்றது. நடைவழி நீண்டதிலிருந்து அவருக்குச் சைக்கிள் கொடுத்திருந்தார்கள்.

"சைக்கிள்ல போவோமா அண்ணாச்சி? ஒரு சுத்து ஓட்டுங்க, நான் பின்னால உக்காருதேன். மனசு ஆறும்."

அண்ணாச்சி நோட்ஸை மூடினார். "எனக்கு ஓட்டத் தெரியாது."

"கலம் ஓட்டுதிய!"

"கலத்துல பேலன்ஸ் கிடையாதே புள்ள."

அவளுக்கு ஒன்பது நாளில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. அவரை ஏற்றி உட்காரவைத்தாள். இடது கையால் ஸீட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அவர் ஒற்றைக் கையோடு ஹேண்டிலைப் பற்றி, "விட்டுராதட்டி, விட்டுராதட்டி" என்று அலறிக்கொண்டே மிதித்தார். விழுந்தார். மறுபடி ஏறினார். நான்காம் முறை வண்டி நேராகப் போயிற்று.

"புரிஞ்சுது!" என்று கத்தினார்.

அவர் போய்க்கொண்டே இருந்தார். அவள் விடவில்லை. பிடித்திருந்த கைதான் இல்லை. இடது தோளுக்குக் கீழே காற்று ஆடியது.

அண்ணாச்சி இறங்கத் தெரியாமல் சுவரில் மோதி இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவள் தோளைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"ஏட்டி, என்ன காரியம் பண்ணுன?"

"சொல்லித் தந்தேன் அண்ணாச்சி. அவ்வளவுதான்."

மாலையில் சொர்ணம் மேடம் வந்து பதிவேட்டில் 'மூன்று' என்று எழுதினார்.

"மேடம், யாரு யாருக்குச் சொல்லிக் குடுத்தான்னு எழுத வேண்டாமா?" என்று செல்லக்கனி கேட்டாள்.

மேடம் பதிவேட்டை இரண்டு பக்கமும் புரட்டினார். "அதுக்குக் கட்டம் இல்லையேம்மா."

அன்று அவள் சாப்பிடவில்லை. விரலில்லாத கையால் கணக்குப் போட்டாள். அண்ணாச்சியிடம் வலது கை இல்லை. தன்னிடம் வலது கை இருக்கிறது. அவரிடம் இடது கை இருக்கிறது. தன்னிடம் இல்லை.

"அண்ணாச்சி, இருக்கைக்கு ஒரு ஆளு வேணும். முழுசா ஒரு ஆளுன்னுதானே சொன்னாவ? ஒருத்தர்ட்டருந்தே வரணும்னு சொல்லல."

"கிறுக்கு" என்றார் அவர். பிறகு, "கலம் ஓட்ட நெசமா ஆறு பாடம்தான். மிச்சம் ஆறும் பிரிவோட வரலாறு. அதுல கேள்வியே வராது" என்றார்.

"அப்ப ஆறு நீங்க. ஆறு நான்."

பேரம் முடிந்தது. வியாழன் முழுக்கப் படித்தார்கள். அவர் வேகத்தைச் சொல்லித் தந்தார், அவருடைய வலது கால் போயிற்று. அவள் விரலை மடக்கி விசிலடிக்கச் சொல்லித் தந்தாள், அவளுடைய வலது காது போயிற்று. அவர் எரிபொருளைச் சொன்னார், வலது கண் போயிற்று. அவள் பனங்கிழங்கை நார் இல்லாமல் உரிக்கும் வகையைச் சொன்னாள். கிழங்கு இல்லை, காற்றில் உரித்துக் காட்டினாள். இடது கால் போயிற்று. புள்ளி பிசகாமல் கோலம் போடச் சொல்லித் தந்தாள், இடது கண் போயிற்று. கண்ணும் காதும் சரியாகப் பொருந்த வேண்டுமே என்று இருவருக்கும் பயம். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் பொருந்தியது. யாரோ அவர்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. நடுநடுவே அவருடைய நிழல் போயிற்று. அவளுடைய தும்மலும் பசியும் போயின. அதற்கெல்லாம் அவர்கள் கவலைப்படவில்லை. இருக்கை அவற்றை எண்ணாது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குள் பதினொரு பாடம் ஆகியிருந்தது.

ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, இரண்டே கால்களில், இருக்கைவரை நடந்தார்கள். உட்கார இடம் போதுமானதாக இருந்தது. முன்னால் ஜன்னல் முழுக்க அது. இருக்கை எண்ணத் தொடங்கியது. கரகரத்த ஆண்குரல் அதற்கு.

"கண் இரண்டு. காது இரண்டு. கை இரண்டு. கால் இரண்டு." கொஞ்சம் நிறுத்தியது. "வாய் இரண்டு. ஒன்று கூடுதல்."

செல்லக்கனி அவரைப் பார்த்தாள். அவருடைய ஒற்றைக் கண் அவளைப் பார்த்தது.

"நான் ஒண்ணு சொல்லித் தாரேன் அண்ணாச்சி. சீக்கிரமா. ரம்மி ஆடத் தெரியுமா?"

"ஒன் ஆறு முடிஞ்சுட்டுட்டி. எனக்குத்தான் ஒண்ணு பாக்கி இருக்கு."

"வேண்டாம்."

"கேளு. இதுகிட்ட வந்ததும் எல்லாரும் முழுசாத் திருப்புவான். அதான் எல்லாரும் உள்ள போறான். நீ பாதி திருப்பு. அப்புறம் கைய அசைக்காத. மிச்சத்த அதுவே வெலகிக்கும்."

அவர் சொன்னவிதம் அப்படி. அதில் காற்புள்ளி இல்லை. இல்லாத பக்கம் இல்லை. நோட்ஸ் வாசித்த அந்த ஐந்து நாளும் அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது. புரியாமலிருக்க அவள் பல்லைக் கடித்தாள். பெருக்கல் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து சொன்னாள். ஒன்றும் பலிக்கவில்லை.

"சாப்பிட்டு..." என்று அண்ணாச்சி ஏதோ சொல்ல வந்தார். அதற்குமேல் அவரிடம் வாய் இல்லை.

"வாய் ஒன்று. ஆள் ஒருவர். சரி" என்றது இருக்கை.

அவருடைய இடது கையும் அவளுடைய வலது கையும் சேர்ந்து பாதி திருப்பின. பிறகு அசையவில்லை. அது ஜன்னலோடு உரசிக்கொண்டு போயிற்று. மிக அருகில் போயிற்று. போகும்போது உள்ளே பார்த்து, எண்ணிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

நடைவழி சுருங்குகிற சத்தம் கேட்டது. நூற்று முப்பத்தெட்டுப் பேர் கைதட்டினார்கள்.

செல்லக்கனி அண்ணாச்சியிடம் சொல்ல இடப்பக்கம் திரும்பினாள். அங்கே இருக்கையின் கைப்பிடிதான் இருந்தது. வலப்பக்கம் திரும்பினாள். எழுந்து பின்னால் பார்த்தாள். இருக்கைக்கு அடியில் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. அதுவும் யாரையோ தேடிக்கொண்டிருந்தது.

சொர்ணம் மேடம் நாற்பது எட்டில் வந்து சேர்ந்தார்.

"அண்ணாச்சி போயிட்டாவ மேடம்" என்றாள் செல்லக்கனி. "எப்படியும் வச்சுக்கிடலாம்னு பாத்தேன். போயிட்டாவ."

அவள் வாயை மூடுமுன் அதே வாய் மறுபடி திறந்தது.

"புள்ளயக் காங்கலியே மேடம்" என்றது. "இந்தா, இங்கனதான் உக்காந்திருந்தா. நல்லா படிக்க புள்ள."

நான் எதற்காக இப்படிச் சொல்கிறேன் என்று அவள் நினைத்தாள். துக்கத்தில் வாய் குழறுகிறது போலும். அவளுடைய வலது கண் அண்ணாச்சிக்காக அழுதது. இடது கண் அதைவிட அதிகமாக அழுதது. யாருக்காக என்று அவளுக்குத் தெரியவில்லை.

சொர்ணம் மேடம் பதிவேட்டில் 'ஒருவர்' என்று எழுதி அடிக்கோடிட்டார். பிறகு பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினார். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் நீண்டன.

"ஆளுக்கு ஒண்ணுதாம்மா" என்றார்.