அவள் வைத்த சூடு

ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகரில், புதுவீட்டு ஹீட்டரோடு கிழவர் மர்டோவுக்கு முதல் நாளிலிருந்தே தகராறுதான். அது இரவில் மலிவாகக் கிடைக்கும் மின்சாரத்தில் உள்ளிருக்கும் செங்கற்களைச் சூடேற்றி, மறுநாள் பகலில் அந்தச் சூட்டை வெளியே விடும். நாளைய குளிருக்கு இன்றைக்கே குமிழைத் திருகி வைக்க வேண்டும். மனைவி இஷ்பல்தான் வானிலை கேட்டுத் திருகுவாள்.

நேற்று மாலையும், "நாளைக்குப் பனி கொட்டுமாம். குமிழை ஆறாம் நம்பர்ல வெச்சிருக்கேன். நீ கிட்டப் போயிடாதே, மனுஷா," என்றாள்.

விடியற்காலையில் அவளுக்கு நெஞ்சுவலி வந்தது. மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து மர்டோ தனியாகத் திரும்பினார். கதவைத் திறந்தார். வீடு கதகதவென்றிருந்தது.

சாயங்காலம் பக்கத்துவீட்டு எஃபி சூப்போடு வந்தாள்.

"நாளைக்குத் திருகி வெச்சீங்களா, மர்டோ? விறைச்சுப் போயிடுவீங்க."

ஹீட்டரில் சாய்ந்திருந்த முதுகை அவர் எடுக்கவில்லை.

"தொடாதே எஃபி. இது அவ கடைசியா வெச்சது. இன்னும் ஆறல."